மண்ணைப் படித்த மாமனிதர்

எம்டன் என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. எந்தத் தடைக்கும் அஞ்சாமல் நுழைந்து, காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புகிறவனை, அவன் பெரிய எம்டன் என்று இன்றும் திண்ணையிலே பேசக் கேட்கிறோம். 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு, அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து குண்டு பொழிந்தது. துறைமுகத்தை ஒட்டி நின்ற எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினர். இது பலர் அறிந்த கதை.

பலர் அறியாத கதை ஒன்றும் உண்டு. அடுத்த மாதமே அதே எம்டன், மினிக்காய்த் தீவுக்கு அருகே கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலிலே சென்னைக்கு வந்துகொண்டிருந்த பெட்டிகள் சில இருந்தன. அவற்றுள் பொன்னும் மணியும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. ஊர்களின் வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள், நகர மாதிரிகள்! ஒரு மனிதர் பல்லாண்டுகள் அலைந்து திரட்டிய செல்வம். அத்தனையும் கடலடி சேர்ந்தது.

அந்தச் செல்வத்துக்கு உரியவர் அப்போது இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தார். வயது அறுபது. தாடி நரைத்துவிட்டது, நடை தளரவில்லை. கடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கவில்லை அவர். ஐரோப்பாவிலிருந்த நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில், சேப்பாக்கத்துச் செனட் மண்டபத்திலே கண்காட்சி திறக்கப்பட்டது. ஊர் என்பது என்ன, அது எப்படிப் பிறக்கிறது, எங்கே கட்டினால் வாழும், எங்கே கட்டினால் அழியும் என்பதைச் சென்னை மக்களுக்குப் படம் காட்டி விளக்கினார் அந்த முதியவர்.

அவர்தான் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்து நாட்டவர். செடிகொடிகளை ஆராயப் புறப்பட்டு, ஊர்களை ஆராய்ந்து முடித்தவர்.

வெள்ளைக்காரர் ஒருவர் கதையை நமக்கு ஏன் சொல்கிறீர் என்று தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. வீட்டுமனைத் திட்டம் ஒன்று, தொழிற்பேட்டை ஒன்று, குடிசை மாற்றுக் குடியிருப்பு ஒன்று என்று நாடெங்கும் நாள்தோறும் இடம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அங்கே வாழப்போகிறவர் வேறொருவர். இடம் தவறானால் இடுப்பளவு நீரிலே நிற்கப்போவது வரைந்த கையல்ல, வாடகை கொடுக்கும் தொழிலாளி! ஆகவே, இடம் தேர்வது எப்படி என்று ஆயுள் முழுவதும் சிந்தித்த ஒருவரை நாம் அறிந்திருப்பது நல்லது.

குன்றின் மேலிருந்த வீடு

1854 அக்டோபர் 2 ஆம் நாள், பாலட்டர் என்ற சிற்றூரிலே பிறந்தார் கெடிஸ். தந்தை பட்டாளத்துக்காரர். குடும்பம் பிறகு பெர்த் நகரை ஒட்டிய குன்றுச் சரிவில் சிறு வீட்டில் குடியேறியது. தந்தை தோட்டம் போடுவார். மகன் கூடவே மண்ணைக் கிளறுவான். உருளைக்கிழங்கு எங்கே விளையும், எங்கே அழுகும் என்பதை ஏட்டிலே படிப்பதற்கு முன்பே கையாலே அறிந்தான் அந்தச் சிறுவன்.

வீட்டின் மேலே ஏறிப் பார்த்தால் கீழே டே ஆறு வளைந்தோடும். மலையிலே ஆடுகள், சரிவிலே காடு, அடிவாரத்திலே உழுத நிலம், ஆற்றோரத்திலே நகரம், ஆறு செல்லும் திசையிலே கடல். இந்தக் காட்சிதான் பின்னாளில் அவர் உலகுக்குத் தந்த பெருங்கருத்தின் விதை.

படிப்பு முடிந்ததும் வங்கியிலே வேலைக்குச் சேர்த்தார்கள். ஒன்றரை ஆண்டு கணக்கெழுதினார், மனம் ஒட்டவில்லை. தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். ஒரே வாரத்தில் வெளியேறினார். செத்த செடியை வெட்டிப் பெயர் சொல்லும் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இலண்டன் சென்று, டார்வின் கொள்கையை நாடெங்கும் முழங்கிய ஹக்ஸ்லியிடம் மாணவரானார். பட்டம் ஒன்றும் வாங்கவில்லை. பட்டம் இல்லாமலே பிற்காலத்தில் பேராசிரியரானார்.

1879 இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குச் சென்ற இடத்திலே இடி விழுந்தது. கண்பார்வை மங்கியது! இருட்டறையிலே, கண்களைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கிலே கிடந்தார். இருபத்தைந்து வயது, கண்ணே கருவியான உயிர்நூல் ஆராய்ச்சியாளர், எதிரே இருள். என்ன செய்வார்? சன்னல் கண்ணாடியின் சட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருளை ஒதுக்கி, எந்தப் பொருளுக்கு எது அண்டை, எது எதைத் தொடுகிறது என்று மனத்துக்குள்ளே கணக்குப் போட்டார். பார்வை மீண்டது. ஆனால் நுண்ணோக்கியிலே நெடுநேரம் ஆராயும் தெம்பு கண்ணுக்கு இல்லாமற் போயிற்று. செடியின் உயிரணுவைப் பார்க்க முடியாதவர், செடி நிற்கும் மண்ணைப் பார்த்தார். மண்மீது வாழும் மனிதனைப் பார்த்தார். மனிதர் கூடி வாழும் ஊரைப் பார்த்தார். அன்று முதல் தாளை மடித்துக் கட்டங்கள் போட்டுச் சிந்திப்பது அவர் வழக்கமாயிற்று. அந்தக் கட்டங்களிலே மூன்று அவரை விட்டு நீங்கவேயில்லை. இடம், தொழில், மக்கள்.

சேரிக்குக் குடிபோன பேராசிரியர்

1886 இல் அன்னா என்ற மங்கையை மணந்தார். வசதியான வீட்டுப் பெண். மணமக்கள் எங்கே குடித்தனம் வைத்தார்கள் தெரியுமா? எடின்பரோ பழைய நகரத்திலே, ஜேம்ஸ் கோர்ட் என்ற அடுக்குவீட்டு வளாகத்திலே. ஒரு காலத்தில் சீமான்கள் வாழ்ந்த இடம். அவர்கள் புதிய நகரத்துக்குப் போனபின் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அழுக்கு, நாற்றம், நோய்! அங்கேதான் அறை எடுத்தார்கள்.

ஏழைகளுக்காகப் பேசுவது எளிது. ஏழையின் அண்டை வீட்டிலே குடியிருப்பது அரிது. கெடிஸ் குடியிருந்தார். துடைப்பம் எடுத்தார், சுண்ணாம்பு அடித்தார், சன்னலோரத்திலே பூச்செடி வைத்தார். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டனர். இடிந்த வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்தார். மாணவர்கள் தாங்களே நடத்தும் விடுதி ஒன்றை 1887 இல் அமைத்தார். பழைய நகரம் முழுவதையும் தெருத்தெருவாக நடந்து அளந்தனர் அவரும் அவர் குழுவினரும். குப்பை கொட்டிக் கிடந்த வெற்றிடங்கள் எழுபதுக்கு மேல். மொத்தம் பத்து ஏக்கர் அளவு! இடமே இல்லை என்று நகரசபை சொன்ன ஊருக்குள்ளே பத்து ஏக்கர்! அவற்றுட் சில குழந்தைகள் ஆடும் தோட்டங்களாயின. தோட்டங்களை வடிவமைத்தவர் அவருடைய மகள் நோரா.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. புதிய இடம் தேடி ஊருக்கு வெளியே ஓடுவதற்கு முன்னால், ஊருக்குள்ளே கிடப்பதை எண்ணிப் பார்! இதுதான் கெடிஸ் கற்பித்த முதற்பாடம்.

1888 முதல் டண்டி நகரக் கல்லூரியிலே தாவரவியல் பேராசிரியர். ஆண்டிலே மூன்று மாதம் பாடம்; மற்ற மாதங்கள் ஊர்ப்பணி. 1892 இல் எடின்பரோவிலே ஓர் உயர்ந்த கட்டிடத்தைப் பெற்றுக் காட்சிக் கோபுரமாக்கினார். வருகிறவர்களை முதலில் உச்சிக்கு ஏற்றுவார். அங்கிருந்து ஊரையும் சுற்றுப்புறத்தையும் பார்க்கச் செய்வார். பிறகு படிப்படியாகக் கீழே இறங்கினால் ஒரு தளத்தில் அந்த நகரம், அடுத்ததில் ஸ்காட்லாந்து, அதற்கடுத்து ஐரோப்பா, கடைசியிலே உலகம். தன் ஊரை அறியாதவன் உலகை அறிந்து பயனில்லை என்பது அதன் பொருள்.

குறைகளும் உண்டு அவரிடம். மேடைப் பேச்சு அவருக்கு வராது; சொற்கள் தாடிக்குள்ளேயே தங்கிவிடும் என்பர். கையெழுத்து எளிதிலே படிக்க முடியாதது. ஒரு பணி முடிவதற்குள் அடுத்த பணிக்குத் தாவுவார். கடன் எப்போதும் கூடவே நடந்து வந்தது. 1904 இல் டன்பெர்ம்லின் நகருக்காகப் பெருந்திட்டம் ஒன்று எழுதித் தந்தார். பணம் வைத்திருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும், திட்டத்துக்கு முன் ஆய்வு என்ற அவருடைய நெறி நிலைத்தது. 1947 இல் பிரிட்டனிலே வந்த நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம், திட்டம் தீட்டும் முன் அந்தப் பகுதியை ஆய்ந்தாக வேண்டும் என்று விதித்தது. அவர் இறந்து பதினைந்து ஆண்டு கழிந்தபின் அவர் சொன்னது சட்டமாயிற்று!

மலையிலிருந்து கடல்வரை

அவர் சொன்ன பெருங்கருத்து என்ன? மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை ஒரு கோடு போட்டு, நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பார் என்றார். மேலே சுரங்கத் தொழிலாளி, மரவெட்டி, வேட்டைக்காரன். சரிவிலே இடையன். அதற்குக் கீழே புன்செய் உழவன்; சமவெளியிலே நன்செய் உழவன். கரையிலே மீனவன். நிலம் தொழிலைத் தருகிறது. தொழில் மக்களின் வாழ்க்கையை வகுக்கிறது. இந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு செங்கல்லைக்கூட வைக்காதே என்பது அவர் நெறி.

தமிழர்க்கு இது புதுமையா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பகுத்து, அந்தந்த நிலத்துக்குரிய தொழில், பறை, பறவை, மரம், மக்கள் என்று வகுத்துவைத்த மொழி நம்முடையது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றும் அறிந்திருந்தோம். கெடிஸ் தம் கருத்தை நம்மிடமிருந்து எடுத்தார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வீண் பெருமை. ஒரே உண்மையை அவர் டே ஆற்றங்கரையிலே கண்டார். நம் புலவர்கள் காவிரி, வைகை, பொருநைக் கரைகளிலே கண்டார்கள். அவர் கண்டதை வைத்து ஊர் அமைக்கப் புறப்பட்டார். நாம் கண்டதைத் தேர்வு எழுத மனப்பாடம் செய்தோம்!

தஞ்சையிலே ஒரு கணக்கு

சென்னை மாகாணத்தின் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததால் இங்கே வந்த கெடிஸ், கண்காட்சியோடு நிற்கவில்லை. மாகாணத்து ஊர்கள் பலவற்றுக்குச் சென்று, நடந்து, பார்த்து, 1915 இல் அறிக்கைகள் எழுதினார். வண்டியிலே போய்ப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சந்துக்குள்ளே நடக்க வேண்டும். கிணற்றடியிலே நிற்க வேண்டும். சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

தஞ்சைக் கோட்டைக்குள்ளே நெருக்கடியான பகுதி ஒன்று. அதைச் சீர்திருத்த ஒரு திட்டம் தயாராகியிருந்தது. எப்படி? வரைபடத்தின்மீது கோல் வைத்து நேர்கோடுகள் போட்டு! கோடு போகும் இடத்திலுள்ள வீடுகளெல்லாம் இடிபடும். நேரான தெருக்கள் வரும். கெடிஸ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். நேர்கோட்டுத் தெருக்கள் தேவையே இல்லை என்று கண்டார். இருக்கிற சந்துகளைச் சற்றே அகலப்படுத்தினால் போதும். பாழடைந்த வீடுகள் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு, காலி மனைகளைச் சேர்த்துக்கொண்டால் காற்று வரும், வெளிச்சம் வரும், மரம் வைக்க இடமும் வரும். செலவு? முதல் திட்டத்திலே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு!

பொதுப்பணம் மிச்சமாவது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், ஏழையின் வீடு மிச்சமாவது. நெருக்கடியைப் போக்குகிறேன் என்று வீடுகளை இடித்தால், அந்த வீட்டார் ஆகாயத்துக்கா போவார்கள்? அடுத்த தெருவுக்குப் போவார்கள். அங்கே ஓர் அறையில் இருந்த ஐந்து பேர் பத்துப் பேராவார்கள். ஓரிடத்து நெருக்கடி அடுத்த இடத்துக்கு நகர்ந்ததேயன்றித் தீரவில்லை என்று கெடிஸ் எடுத்துக்காட்டினார். கைதேர்ந்த மருத்துவர் கட்டி உள்ள இடத்தை மட்டும் கீறுவார். காலையே வெட்டிவிட மாட்டார். ஊருக்கும் அத்தகைய சிகிச்சையே வேண்டும் என்பது அவர் முறை.

நீர்நிலைகளைப் பற்றியும் அவர் எழுதியவை இன்று நாம் படித்து வெட்கப்பட வேண்டியவை. குளம் கொசுவை வளர்க்கிறது, மலேரியாவைத் தருகிறது, ஆகவே தூர்த்துவிடுவோம் என்று அதிகாரிகள் வாதாடிய காலம் அது. குளத்தை மூடாதே, தூய்மைப்படுத்து. மீன் விடு, வாத்து விடு, அவை கொசுப்புழுவைத் தின்னும் என்றார் கெடிஸ். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, கிணறு எதற்கு என்றார்கள் சிலர். குழாய் ஒருநாள் நிற்கும், அன்று கிணறுதான் காக்கும். முன்னோர் கட்டிவைத்த ஆயுள் காப்பீடு அது என்ற கருத்துப்பட எழுதினார். 2019 கோடையிலே சென்னைக்குத் தண்ணீர் தந்த ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற தாய்மார்களைக் கேளுங்கள். அந்தக் கருத்தின் அருமை தெரியும்.

இந்தூரிலே ஓர் ஊர்வலம்

இந்தூர் சமஸ்தானத்துக்கு நகரத் திட்டம் தீட்ட அழைத்தார்கள். அப்போது அங்கே பிளேக் நோய் அடிக்கடி தலைகாட்டும். வரைபடமும் கையுமாகத் தெருவிலே நடந்த கெடிஸைக் கண்டு மக்கள் அஞ்சினர். வீட்டை இடிக்க வந்தவர், நோயைக் கொண்டு வந்தவர் என்று நினைத்து விலகினர். மக்கள் அஞ்சுகிற திட்டம் மக்களுக்கு ஆகுமா? கெடிஸ் மன்னரிடம் சென்று, ஒருநாள் மட்டும் தம்மை மன்னராக்கும்படி கேட்டார். மன்னரும் இசைந்தார்.

தீபாவளியையொட்டி ஊர்வலம் என்று அறிவிக்கப்பட்டது. வழக்கமான பாதையிலே அல்ல! எந்தத் தெருவார் வீடுகளைப் பழுதுபார்த்துத் தூய்மையாக்குகிறார்களோ, அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் போகும். போட்டி மூண்டது. குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது, எலிகள் பிடிபட்டன, சுவரெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டது. ஊர்வலத்திலே அழுக்கு அரக்கனும், பிளேக்கைப் பரப்பும் பேரெலியும் உருவங்களாக வந்து இறுதியிலே தீக்கிரையாயின.

அந்த ஊர்வலத்திலே நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. ஊரின் துப்புரவுத் தொழிலாளர்கள், தூய வெள்ளுடை அணிந்து, மாலை சூடி, வண்ணம் பூசிய வண்டிகளோடு, ஊர் பார்க்க நடந்து வந்தார்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள்! அன்று மன்னர் இடத்திலிருந்த கெடிஸ் அவர்களுக்கு வணக்கம் செலுத்தினார். நகரத்தைக் காப்பவர் யார் என்பதை நகரத்தாருக்கு அவர் காட்டிய முறை அது. இந்தூருக்காக அவர் எழுதிய அறிக்கை 1918 இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஆலைப் பகுதி, தொழிலாளர் குடியிருப்பு, ஆற்றங்கரை, தோட்டம் என ஒவ்வொன்றையும் நிலத்தோடு பொருத்தி ஆராய்ந்த நூல் அது.

நாம் மாறுபடும் இடம்

புகழ்ந்துகொண்டே போவது வாழ்க்கை வரலாறாகாது. கெடிஸோடு நாம் மாறுபடும் இடமும் உண்டு. நம் கோயில் நகரங்களைக் கண்டு அவர் சொக்கிப்போனார். தேர் திரும்ப அகலமான வீதி, நடுவே குளம், சுற்றிலும் தோப்பு என்று அந்த அமைப்பின் அழகைப் பாராட்டினார். அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அகல வீதியிலே நடக்க யாருக்கு உரிமை இருந்தது? அந்தக் குளத்திலே நீர் மொள்ள யாருக்கு அனுமதி இருந்தது?

நம் முன்னோரும் நிலத்தைப் படித்தவர்கள்தாம். மேட்டிலே நத்தம், பள்ளத்திலே ஏரி, ஏரிக்குக் கீழே வயல், ஒதுக்குப்புறத்திலே மேய்ச்சல் நிலம் என்று கச்சிதமாக வகுத்தவர்கள்தாம். வகுத்தபின் சேரியை எங்கே வைத்தார்கள்? பல ஊர்களிலே, ஊர்க்கழிவு வந்து சேரும் தாழ்விடத்திலே, மழை வந்தால் முதலில் முழுகும் இடத்திலே! ஆக, நிலத்தைப் படித்தால் மட்டும் போதாது. படித்த அறிவு யாருக்கு மேட்டைத் தருகிறது, யாரைப் பள்ளத்திலே தள்ளுகிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கெடிஸ் இன்னும் உரக்கக் கேட்டிருக்கலாம் என்பது நம் கருத்து.

சோகமும் சாதனையும்

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. போர்முனையிலே, பலூனிலிருந்து எதிரியை வேவு பார்க்கும் பணியிலிருந்த மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சிலே குண்டுக்கு இரையானான். இங்கே இந்தியாவிலே மனைவி அன்னா காய்ச்சலிலே கிடந்தார். மகன் மாண்ட செய்தியை அவரிடம் சொல்லாமலே மறைத்தார் கணவர். சில வாரங்களில் அன்னாவும் மறைந்தார். முப்பத்தொரு ஆண்டுத் துணை! நெஞ்சு உடைந்தது, கால் நிற்கவில்லை. ஊர் ஊராக மீண்டும் நடந்தார்.

1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலே சமூகவியல் பேராசிரியரானார். 1924 வரை அங்கே பணி. அறிவியல் மேதை ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920 இல் எழுதி வெளியிட்டார். 1925 இல் டெல் அவிவ் நகரின் விரிவுக்குத் திட்டம் தந்தார். கடற்காற்று ஊருக்குள்ளே புகும்படி கடலை நோக்கிய தெருக்கள், வீடுகளுக்கு நடுவே தோட்டம் என்பது அதன் அமைப்பு. பிரான்சு நாட்டு மோன்பெலியே நகருக்கு அருகே, பயிர் விளையாத கரட்டு நிலத்திலே கல்லூரி ஒன்றை எழுப்பினார். 1932 இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17 ஆம் நாள், அந்தக் கல்லூரியிலேயே அவர் கண் மூடினார்.

நம் கணக்கு என்ன?

கெடிஸ் வந்துபோன சில ஆண்டுகளில், 1920 இல், சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், நாம் போற்றும் தியாகராயர் பெயரால் ஒரு புதுநகர் எழுந்தது. நடுவே பூங்கா, அதிலிருந்து பிரியும் வீதிகள், நல்ல மனைகள். ஆனால் எந்த இடத்திலே? மாம்பலம் ஏரியிலே! ஏரியை வடித்து எழுப்பிய நகர் அது. மேற்கு மாம்பலத்திலே ஏரியைக் குறிக்கும் சாலைப்பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. 2021 நவம்பர் மழையிலே தியாகராய நகர்த் தெருக்களிலே நீர் தேங்கி நின்றபோது, பழைய ஏரி தன் முகவரியைத் தேடி வந்தது. நம்மவர் செய்ததாயினும் தவறு தவறே. எதிரியின் பிழையை மட்டும் எண்ணுபவன் கணக்குப்பிள்ளையாகான்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் மழைநீர் பல ஓடைகளாக வந்து சேர்ந்து, மெல்லக் கடலுக்குப் போகும் சதுப்பு நிலம். பல ஆயிரம் ஏக்கராக விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் குப்பை மேடு, ஒரு பக்கம் கட்டிடம், ஒரு பக்கம் சாலை என்று நெருக்கி நெருக்கி ஒரு சிறு பகுதியாக்கிவிட்டோம். 2022 இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அது அறிவிக்கப்பட்டது. பாதிக்கு மேல் பறிகொடுத்தபின் வந்த பாராட்டு!

அதன் அருகேதான் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசையிலிருந்த தொழிலாளர் குடும்பங்களை, வெள்ளத்திலிருந்து காக்கிறோம் என்று கூறி, ஊருக்கு வெளியே பல கல் தொலைவிலே கொண்டுபோய் அமர்த்திய இடங்கள். அங்கேயும் வெள்ளம் வந்தது. வேலை நகருக்குள்ளே; வீடு நகருக்கு வெளியே. வீட்டு வேலைக்குப் போகும் தாய், முதற் பேருந்துக்கு இருட்டிலே எழுந்தாக வேண்டும். இடம், தொழில், மக்கள் என்ற கெடிஸின் மூன்று கட்டங்களையும் தனித்தனியே கிழித்து எறிந்தால் விளைவது இதுதான். எந்தக் கட்சி ஆண்டபோது எந்தக் கட்டிடம் எழுந்தது என்று விரல் நீட்டுவதால் அந்தத் தாயின் உறக்கம் திரும்பி வராது.

ஆகவே தோழர்களே, நம் கிளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊரிலே புதிய மனைப்பிரிவோ, பேட்டையோ, குடியிருப்போ வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், வரைபடத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த இடத்துக்கு நடந்து போங்கள். முடிந்தால் மழைக்காலத்திலே போங்கள்.

மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். ஏரியின் கலங்கல் வழிந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தச் சர்வே எண் பழைய பதிவிலே ஏரி உள்வாயா, ஓடையா, மேய்க்கால் புறம்போக்கா, இருபோகம் விளைந்த நன்செயா என்று வட்டாட்சியர் அலுவலகத்திலே கேளுங்கள். குடியேறப் போகிறவர் எங்கே வேலைக்குப் போவார், எத்தனை நேரம் போவார் என்று கணக்கிடுங்கள். ஊருக்குள்ளே பூட்டிக் கிடக்கும் காலி நிலத்தை எண்ணிப் பாருங்கள். கடைசியாக, மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று கேளுங்கள்.

இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். இரண்டு கால், இரண்டு கண், கேட்க ஒரு வாய் போதும். நாற்று நடும் தாய்க்கு நீர் போகும் வழி தெரியும். நூல் பிடிக்கும் கொத்தனாருக்கு மேடு பள்ளம் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவர்களை யாரும் அழைப்பதில்லை, அவ்வளவுதான். அழைக்க வேண்டியது நம் கடமை.

எம்டன் மூழ்கடித்த பெட்டிகளை அந்த அறுபது வயது முதியவர் மீண்டும் திரட்டிக் காட்டினார். நாம் மூழ்கடித்த ஏரிகளை அப்படித் திரட்டிவிட முடியாது. மிஞ்சியிருப்பவற்றையாவது காப்போம். அடுத்த செங்கல்லை வைக்கும் முன் மண்ணைப் படிப்போம்!